இரண்டு சிலிண்டர், இரண்டு எண்

பழைய ஸ்னோமொபைல் எஞ்சினைப் பிரித்து, புதிய பிஸ்டன் போட்டு, மறுபடி பூட்டியவர் கடைசியில் கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்ப்பார். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் எண் குறைந்த சிலிண்டர்மீதுதான் சந்தேகம் விழும். அதைக் கழற்றுவார், ரிங் மாற்றுவார், மறுபடி பூட்டுவார், மறுபடி அதே எண் வரும். பிறகு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு எங்களிடம் வருவார்.

வட ஒன்ராறியோவில், நிப்பிசிங் ஏரிக்கு அருகே உள்ள ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். ஏரி உறைவதற்கு முன்னால், நவம்பர் மாதம் முழுக்க, இப்படி வரும் வண்டிகள்தான். உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பவர்களுக்குப் புதிய வண்டியின் வேகம் தேவையில்லை. கூடாரத்தையும் பனி துளைக்கும் கருவியையும் இழுத்துப் போக ஒரு பழைய ஸ்கி-டூ போதும். பழையது என்றால் பெரும்பாலும் விசிறிக் காற்றில் குளிரும் இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்.

அவற்றில் எனக்கு மிகவும் பழக்கப்பட்டது ரோட்டாக்ஸ் 503. ஸ்கி-டூவை ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே கியூபெக்கின் வால்கூரில் 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு எஞ்சின் செய்து கொடுத்த ஆஸ்திரிய நிறுவனமான ரோட்டாக்ஸை 1970இல் பொம்பார்டியே நிறுவனமே வாங்கிக்கொண்டது. 503இன் போர் 72 மி.மீ., ஸ்ட்ரோக் 61 மி.மீ., இரண்டு சிலிண்டரும் சேர்ந்து 497 சி.சி. வால்வு கிடையாது. பிஸ்டனே மேலும் கீழும் போய்ச் சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைத் திறந்து மூடும். இவ்வளவு எளிய எஞ்சின் என்பதால் வீட்டுக் கராஜிலேயே பிரித்துப் பூட்டலாம் என்ற துணிவு பலருக்கு வருகிறது. அது தவறான துணிவும் அல்ல.

நான் சொல்லப்போவது அப்படி வந்த, 503 எஞ்சின் உள்ள ஒரு ஸ்கி-டூ ஸ்கண்டிக் வண்டியைப் பற்றி. உரிமையாளர் ஓய்வுபெற்ற ரயில்வேத் தொழிலாளி, கை சுத்தமாக வேலை செய்பவர். முந்தைய பனிக்காலத்தில் கிளட்ச் பக்கத்துப் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. உடைந்த ரிங் துண்டுகள் அந்தப் பக்கத்து ஹெட்டைக் கொத்தி நாசமாக்கியிருந்தன. அவர் இரண்டு சிலிண்டரையும் முதல் ஓவர்சைஸுக்குப் போர் செய்வித்தார், இரண்டு புதிய பிஸ்டன் வாங்கினார், கிளட்ச் பக்கத்துக்குப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ஹெட் தேடி எடுத்தார். பூட்டி முடித்துப் பார்த்தால் கிளட்ச் பக்கம் 142 பி.எஸ்.ஐ., எதிர் முனையான மாக்னெட்டோ பக்கம் 118.

"புதிதாகப் பூட்டிய எஞ்சினில் ஒரு பக்கம் செத்துக்கிடக்கிறது" என்றார். மாக்னெட்டோ பக்கத்து ரிங்குகளை ஏற்கனவே ஒரு முறை மாற்றியும் பார்த்திருந்தார். பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. இது அதைத் தாண்டியது. அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது.

எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் முதலில் விசாரிக்கவேண்டியது கேஜைத்தான். கடைகளில் விற்கும் பல கேஜ்கள் காருக்கானவை. காற்றைத் திரும்ப விடாமல் பிடிக்கும் சின்ன வால்வு குழாயின் எந்த முனையில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். பிளக் துளைப் பக்கம் இருந்தால் சரி. கேஜ் பக்கம் இருந்தால் அந்தக் குழாய்க்குள் உள்ள இடமும் எரியறையோடு சேர்ந்துவிடும். காரில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்த எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடமே 25 மில்லிலிட்டரை ஒட்டித்தான். குழாயில் இன்னொரு 4 மில்லி சேர்ந்தால் எண் 20 பி.எஸ்.ஐ. வரைகூட இறங்கிவிடும். வண்டிக்கு நோயே இல்லாமல் நோயாளியாகிவிடும்.

அடுத்தது சோதிக்கும் முறை. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கியிருக்கவேண்டும். இரண்டு பிளக்கும் வெளியே வரவேண்டும், பிளக் வயர்களை எஞ்சின் உடம்போடு தொட வைக்கவேண்டும். ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்தபடி, முள் மேலே ஏறுவது நிற்கும்வரை ரீகாயில் கயிற்றை இழுக்கவேண்டும். ஒரு பக்கத்துக்கு எத்தனை இழுப்போ மறு பக்கத்துக்கும் அத்தனை. ஆக்சிலேட்டரை மூடி வைத்துக்கொண்டு இழுத்தால் உள்ளே போகும் காற்றே குறைவு, எண்ணும் குறையும். கடல் மட்டத்திலிருந்து மேலே போகப்போக 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் குறையும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். எங்கள் ஏரி 200 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதால் இங்கே அது பெரிய விஷயமல்ல. ராக்கி மலையில் ஓடிய வண்டியின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுபவருக்குத்தான் அது குழப்பம்.

எங்கள் கேஜில், சூடான எஞ்சினில், எல்லாம் முறைப்படி செய்தும் 142க்கும் 118க்கும் இடையிலான தூரம் அப்படியே இருந்தது. ஆக, எஞ்சினுக்குள் ஏதோ இருக்கிறது.

இந்த இடத்தில் கை தானாக எண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். குறைந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி இழுத்துப் பார்ப்பார்கள். எண் ஏறினால் ரிங் வழியாகக் காற்று போகிறது, ஏறாவிட்டால் கோளாறு வேறு இடத்தில் என்பது பழைய விதி. இதை நான் கற்றது யாழ்ப்பாணத்தில், சித்தப்பாவின் கராஜில். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோலைக் கண்ணில் காண்பதே அரிது. சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும், ரிங் நல்லதாக இருந்தாலும் கம்ப்ரஷன் விழுந்துவிடும். "ரிங்கைக் கழட்டாதை, முதல்ல கொஞ்சம் ஒயில் விட்டுப் பார்" என்பார் சித்தப்பா. கனடாவிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. கோடை முழுக்க நின்ற வண்டியில் கார்புரேட்டர் ஊசி சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் ஒரு சிலிண்டருக்குள் கசிந்து சுவரைக் கழுவிவிடும். அந்தப் பக்கம் மட்டும் எண் குறையும், எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியதும் தானாகவே சரியாகிவிடும்.

ஆனால் இந்தச் சோதனையில் சின்ன எஞ்சினுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்றால் 5 மில்லி. 25 மில்லி அறைக்குள் 5 மில்லி எண்ணெய் போனால் காற்றுக்கு மிஞ்சுவது 20 மில்லி. ரிங் எப்படி இருந்தாலும் எண் எகிறும். "பார்த்தாயா, ரிங்தான்" என்று முடிவுகட்டி, குற்றமில்லாத ரிங்கைத் தூக்கிப் போட்டவர்கள் பலர். சில துளி போதும். விட்டபின் பிளக் இல்லாமலே சில தடவை கயிற்றை இழுத்து, எண்ணெயைச் சுவரில் பரவவிட்டு, பிறகுதான் கேஜை மாட்டவேண்டும். அப்படிச் செய்தபோது இரண்டு பக்கமும் சில புள்ளிகள் ஒன்றுபோல ஏறின. இடைவெளி குறையவில்லை.

அதனால் கசிவுச் சோதனைக்குப் போனோம். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கிளட்சைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாக 100 பி.எஸ்.ஐ. காற்றைக் கொடுத்து, உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று இரண்டாவது கேஜில் பார்ப்பது. காரில் இதைச் செய்பவர்கள் சைலன்சரிலும் கார்புரேட்டரிலும் காதை வைத்து எந்த வால்வு ஒழுகுகிறது என்பார்கள். வால்வே இல்லாத இந்த எஞ்சினில் காது கேட்பதற்குப் பொருள் வேறு. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் பாவாடைக்குக் கீழே கார்புரேட்டர் துளை திறந்து கிடக்கும். ரிங்கைத் தாண்டும் காற்று கிராங்க் கேஸுக்குள் இறங்கி, அந்தத் துளை வழியாகக் கார்புரேட்டரில் சீறும். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே போனால் சோப்புத் தண்ணீர் வெளியே குமிழ் விடும். எங்கள் எஞ்சினில் இரண்டு பக்கமும் கார்புரேட்டரில் மெல்லிய சீறல், குமிழ் எங்கும் இல்லை. கசிவு ஒரு பக்கம் 8 சதவீதம், மறு பக்கம் 9. புதிதாகப் பூட்டி, ரிங் இன்னும் முழுமையாகப் படியாத எஞ்சினுக்கு இது நல்ல கணக்கு.

இங்கேதான் விசாரணை திசை மாறுகிறது. கசிவுச் சோதனைக்கு எரியறை பெரிதா சிறிதா என்பது ஒரு பொருட்டே அல்ல, காற்று நிற்கிறதா போகிறதா என்று மட்டுமே அது சொல்லும். கம்ப்ரஷன் கேஜோ இரண்டையும் ஒரே எண்ணில் குழைத்துச் சொல்லும். கசிவு சமம், எண் சமமில்லை என்றால் மிஞ்சுவது அளவுதான். ஒன்று, பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் இரு பக்கமும் ஒன்றாக இல்லை. அல்லது, ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் துளை உயரமாக இருந்து, மூடத் தாமதமாகி, அடைபடும் காற்று குறைகிறது. ரிங்கை எத்தனை தடவை மாற்றினாலும் இவற்றில் எதுவும் மாறாது.

அளவைப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். 2.5 மி.மீ. தடிமனான சால்டர் ஈயக்கம்பியைப் பிளக் துளை வழியாக உள்ளே விட்டு, நுனி சிலிண்டர் சுவரைத் தொடும்படி வைத்து, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். பிஸ்டனின் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஈயம் நசுங்கும், நசுங்கிய இடத்தை வெர்னியரில் அளந்தால் இடைவெளி தெரியும். கம்பியைப் பிஸ்டன் பின் போகும் திசையில் வைப்பது முக்கியம். மற்றத் திசையில் பிஸ்டன் ஆடும், அளவு பொய் சொல்லும். பின்னின் இரண்டு முனைப் பக்கமும் அளந்து சராசரி எடுத்தோம். மாக்னெட்டோ பக்கம் 1.7 மி.மீ. கிளட்ச் பக்கம் 0.85.

அதற்குப் பிறகுதான் ஹெட்டுகளைக் கழற்றினோம். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, பிளக்கைப் பூட்டி, விளிம்பில் கிரீஸ் தடவித் துளையுள்ள பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி, ப்யூரெட்டிலிருந்து எண்ணெயை விட்டு நிரப்பிக் குழிவை அளந்தோம். மாக்னெட்டோ பக்கத்து ஹெட்டைவிடக் கிளட்ச் பக்கத்து ஹெட் 3.5 மில்லி குறைவாகப் பிடித்தது. 72 மி.மீ. போரின் பரப்பு ஏறக்குறைய 40.7 சதுர செ.மீ., 0.85 மி.மீ. உயரத்துக்கு அது 3.5 மில்லி. ஈயம் சொன்னதும் எண்ணெய் சொன்னதும் ஒன்றே. வெர்னியரை வைத்தால் பழைய சாமான் கடையிலிருந்து வந்த ஹெட்டின் தடிமனும் அந்த அளவுக்கே குறைந்திருந்தது. யாரோ எப்போதோ வேகத்துக்காக அதன் அடிமுகத்தை லேத்தில் சீவியிருக்கிறார்கள்.

ஆக, செத்துக்கிடப்பதாகச் சொல்லப்பட்ட 118தான் நல்ல சிலிண்டர். தவறு 142இல் இருந்தது.

பூட்டியவர் மனதில் இது ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. கம்ப்ரஷன் அதிகம் என்றால் நல்லதுதானே என்று கேட்டார். தேய்ந்துபோன எஞ்சினில் அந்த எண்ணம் சரியாகவே வேலை செய்யும். தேய்மானம் எண்ணைக் குறைக்கத்தான் செய்யும், ஏற்றாது. அதனால் அங்கே குறைந்த பக்கமே நோயாளி. ஆனால் புதிதாகப் பூட்டிய எஞ்சினில் தேய்மானம் இல்லை. அங்கே வித்தியாசம் வருவது இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சேர்க்கப்படாததால். எது மற்றதைப் போல இல்லை என்று எண் சொல்லாது. கூடியதும் பிழையாக இருக்கலாம், குறைந்ததும் பிழையாக இருக்கலாம். இந்தத் தொழிலில் நான் பிறருக்குச் சொல்லக்கூடியது ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சீவிய ஹெட்டோடு அவர் ஏரிக்குப் போயிருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். அவர் போடுவது 87 ஆக்டேன் பெட்ரோல். விசிறி மாக்னெட்டோ பக்கம் இருக்கிறது, கிளட்ச் பக்கத்துச் சிலிண்டர் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். அங்கேயே அழுத்தமும் கூடினால், பாரத்தை இழுத்துக்கொண்டு நீண்ட தூரம் போகையில் கலவை நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டன் தலையைத் தின்னத் தொடங்கும். எஞ்சின் சத்தத்தில் ஹெல்மெட்டுக்குள் அந்தத் தட்டல் கேட்காது. துளை விழுந்த பிறகுதான் தெரியும்.

இதே போன்ற வித்தியாசத்துக்கு வேறு காரணங்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. மிகவும் சாதாரணமானது, ஒரு சிலிண்டரின் அடியில் மட்டும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதை வைப்பது. அரை மி.மீ. உயர்ந்தாலே எரியறையில் 2 மில்லி கூடும், எக்ஸாஸ்ட் துளையும் அதே அளவுக்கு உயரும். எண் பத்துப் பன்னிரண்டு புள்ளி விழும். டூ-ஸ்ட்ரோக் ரிங் சுற்றிவிடாமல் இருக்கப் பிஸ்டன் காடியில் ஒரு சிறு ஊசி இருக்கும். ரிங்கின் முனை அதன் மேல் ஏறியபடி சிலிண்டரைத் திணித்தால் ரிங் நெரியும் அல்லது உடையும். மேல்முகம் சாய்வாக உள்ள ரிங்கைத் தலைகீழாகப் போட்டால் அது காடிக்குள் சரியாக அமராது. ரிங் முனைகளின் இடைவெளியைச் சிலிண்டருக்குள் வைத்து அளக்காமல் விடுபவர்களும் உண்டு. போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு என்ற பழைய கணக்குப்படி 72 மி.மீ.க்கு ஏறக்குறைய 0.29 மி.மீ. இருக்கவேண்டும். போர் செய்தவர் ஒரு சிலிண்டரைக் குறுக்குக் கோடு விழும்படி ஹோன் செய்து, மற்றதைப் பளபளப்பாக விட்டால் அந்தப் பக்கத்து ரிங் படியவே படியாது. ஆனால் இவற்றில் ரிங்கைச் சார்ந்தவை எல்லாம் கசிவுச் சோதனையில் மாட்டிக்கொள்ளும், கேஸ்கட் ஈயக்கம்பியில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் கேஜ், பிறகு கசிவு, பிறகு அளவு, கடைசியில் ஸ்பானர்.

சீவாத ஒரு ஹெட்டைத் தேடிப் பிடித்தோம். வாங்குவதற்கு முன்னால் அதையும் எண்ணெய் விட்டு அளந்தோம். இரண்டுக்கும் வித்தியாசம் கால் மில்லிக்குள். ஹெட் முகத்தைக் கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் எட்டு வடிவில் தேய்த்துச் சமதளம் பார்த்தோம். இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் தனித்தனி என்பதால், நட்டுகளை இறுக்கும் முன் எக்ஸாஸ்ட் குழாய் அடியை இரண்டிலும் சேர்த்துப் பூட்டவேண்டும். அதுதான் இரண்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும். ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காகப் படிப்படியாக 22 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். சூடாக்கி அளந்தபோது 121, 119.

அவர் சாவியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஹெட் கதை முடிந்தது, ஆனால் அந்த ஹெட் வண்டிக்கு வந்ததே கிளட்ச் பக்கத்துப் பிஸ்டன் முதலில் பிடித்துக்கொண்டதால்தான். அது ஏன் பிடித்தது என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. கம்ப்ரஷன் கேஜ் பிஸ்டனுக்கு மேலே நடப்பதைத்தான் அளக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் பாதி வேலை பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் கேஸில் நடக்கிறது. கலவை முதலில் அங்கேதான் இழுக்கப்படுகிறது. அங்கே வெளிக்காற்று புகுந்தால் பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் நீர்த்துப்போகும், பிஸ்டன் வறண்டு பிடிக்கும். அந்த ஓட்டையை 121ஓ 119ஓ காட்டாது.

கார்புரேட்டர் வாயையும் எக்ஸாஸ்டையும் ரப்பர் வைத்து அடைத்து, கைப்பம்பால் 6 பி.எஸ்.ஐ. ஏற்றி, முள்ளைப் பார்த்தோம். சில நிமிடமாவது அசையாமல் நிற்கவேண்டிய முள் நிற்கவில்லை. சோப்புத் தண்ணீர் விட்டதும் கிளட்சுக்குப் பின்னால், கிராங்க் சீலைச் சுற்றிக் குமிழ் கிளம்பியது. பிஸ்டன், ரிங், போரிங் என்று எல்லாவற்றுக்கும் செலவழித்தவர் அந்தச் சீலை மட்டும் பழையதாகவே விட்டிருந்தார். எஞ்சினை மறுபடி இறக்கி, கிராங்க் கேஸைப் பிரித்து, இரண்டு பக்கச் சீலையும் மாற்றியபோது அவர் முணுமுணுத்தது உண்மை. சீலின் விலை பிஸ்டனின் விலையில் சிறு பகுதிகூட இல்லை என்று பில்லில் பார்த்தபோது இன்னும் கொஞ்சம் முணுமுணுத்தார்.

இப்போது யாராவது தொலைபேசியில் அழைத்து, "புதிதாகப் பூட்டினேன், ஒரு பக்கம் குறைவாக இருக்கிறது" என்றால், குறைந்த எண் எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. இரண்டு பக்கத்துக்கும் எந்தெந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறேன். பிறகு, இந்த எஞ்சினை எதற்காகப் பிரிக்கவேண்டி வந்தது என்று கேட்கிறேன். இந்த இரண்டு கேள்விக்கும் நேரான பதில் கிடைத்தால், பாதி வண்டிகள் டிரெய்லரில் ஏறவேண்டிய அவசியமே இருப்பதில்லை.